பதினாலாவது காது

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை சுக்கினி குடைந்தது. வியாழக்கிழமை மாலை, கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வானில், அம்மா வீட்டுச் சமையலறையில். சிறு வெள்ளரி போன்ற நாற்பது காய். வெள்ளிக்கிழமை அரிசி அடைத்து வேகவைப்பதற்கு. மறுநாள் மதியம் அதைச் சாப்பிட்டோம். கொஞ்சம் படுக்கிறேன் என்று அம்மா உள்ளே போனாள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். வலி இருந்திருக்காது என்றும் சொன்னார். அதை எப்படி அளந்தார் என்று நான் கேட்கவில்லை.

சுக்கினி குடைந்தபோது அம்மாவின் தலையில் இருபத்தோராயிரம் எகிப்திய பவுண்டு பெறும் ஹெட்ஃபோன் இருந்தது. காப்பி நிறத் தோல், செம்பு நிற வளைவு, மடித்தால் கைப்பைக்குள் அடங்கும். எங்களுடையது இல்லை. கம்பெனி சோதனைக்கு இரவல் கொடுத்தது. நான் மின்னணுவியல் படித்தவள். கெய்ரோவில் ஓர் இதழுக்காக ஒலிக் கருவிகளை அளந்து எழுதுகிறேன். தினமும் போட்டுக்கொண்டு போக இந்த விலைக்கு இது தகுமா என்று சொல்வதுதான் என் வேலை.

சுக்கினி குடைவது கண் வேலை இல்லை, காது வேலை. குடைகோலை உள்ளே விட்டுச் சுழற்றினால் முதலில் தடித்த சத்தம் வரும். சுவர் மெலிய மெலியச் சத்தமும் மெலியும். ஓர் இடத்தில் கை நிற்க வேண்டும். தாண்டினால் ஓட்டை. அம்மா இருபது காயை வெறும் காதோடு குடைந்தாள். ஓட்டை பூஜ்யம். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "அமுக்கு" என்றாள்.

"எதை?"

"உலகத்தை மூடுற பொத்தானை."

அமுக்கினேன். அடுத்த இருபதில் ஆறு ஓட்டை.

"எழுது," என்றாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு. "சமையலுக்கு ஒதவாது."

"அம்மா, வெளிச் சத்தத்தை அடக்கறதுதான் அதோட வேலையே."

"சுக்கினி வெளிச் சத்தமா? என் கையில இருக்கு."

"அது அதுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தோராயிரம் குடுத்தா தெரிஞ்சிருக்கணும். ஓட்டை ஆறும் உன் தட்டுக்கு. நீதான அமுக்குன."

வெள்ளிக்கிழமை அந்த ஆறும் என் தட்டில்தான் இருந்தன. அரிசி வெளியே வராமல் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தக்காளித் துண்டு வைத்து அடைத்திருந்தாள்.

அம்மாவின் பெயர் தவ்ஹீதா. யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கட்டடத்தில் 'ஹாஸிம் அம்மா'. ரயிலில் 'ஹாஜியம்மா', ஹஜ்ஜுக்குப் போகாமலேயே. வேலை செய்த பத்திரப் பதிவு அலுவலகத்தில் 'ஏழாம் ஜன்னல்'. முப்பத்தொரு வருஷம் அங்கே முத்திரை குத்தினாள். முத்திரையிலும் பெயர் இல்லை. ஏழு என்ற எண் மட்டும்.

ஏழாம் ஜன்னலில் சொல்லப்படும் வாக்கியங்கள் இரண்டு. 'காகிதம் குறையுது.' 'நாளைக்கு வா.' இரண்டையும் அம்மா வீட்டுக்கும் கொண்டுவந்தாள். தர்பூசணியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் காகிதம் குறையுது என்று திருப்பிக் கொடுப்பாள். எனக்கு வந்த இரண்டு வரன்களை வாசலிலேயே நாளைக்கு வரச் சொன்னாள். அண்ணன் ஹாஸிம் குவைத்தில் இருக்கிறான், முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. "அவன் நிலுவையில இருக்கற கோப்பு," என்பாள். "நீ தொலைஞ்சு போன கோப்பு."

என் அலுவலகம் கெய்ரோ நடுவில், கரும்புச்சாறு கடைக்கு மேலே. கரும்பு மெஷின் ஓடினால் அளவைக் கருவியின் முள் ஆடும். நான் அறிந்தவரையில் இந்த ஊரிலேயே அமைதியான இடம் அம்மாவின் துணி அலமாரி. இரண்டு குளிர்கால அங்கி, ஒரு கம்பளம், எட்டு வருஷமாக யாரும் தொடாத அப்பாவின் கோட்டு. நடுவில் அளப்பதற்கான பொம்மைத் தலையை வைத்து ஹெட்ஃபோனை மாட்டிக் கதவைச் சாத்துவேன். பொம்மைத் தலைக்குக் காது ரப்பர். காதுக்குள் மைக். முடி கிடையாது. அந்தத் தலையை, சுக்கினி குடைந்ததற்கு முந்தின வியாழக்கிழமை, அலுவலகத்திலிருந்து எடுத்துவரும்போது, வேலை முடிந்த அம்மாவும் என்னோடு இருந்தாள். நிலையத்து வாசலில் பையைச் சோதனை மெஷினுக்குள் விட்டோம். திரையைப் பார்த்த போலீஸ்காரர் எழுந்து நின்றார்.

"பையில என்ன?"

"தலை," என்றாள் அம்மா.

"யாரோட தலை?"

"என் மருமகளோடது. வாயே தொறக்க மாட்டா. அதுக்குத்தான் தேடிப் புடிச்சேன்."

அவர் பையைத் திறந்தார். "முடி எங்க, ஹாஜியம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே கொட்டிடுச்சு. பாவம், நாங்க எதுவும் கேக்கல."

நான் அடையாள அட்டையை நீட்டி விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் சொன்னார்: "ஒரு துணியாவது கட்டி எடுத்துட்டுப் போங்கம்மா. ஜனங்க பயந்துடும்." அம்மா கைப்பையிலிருந்து மாற்று முக்காடு ஒன்றை எடுத்துத் தலைக்குக் கட்டி, தாடைக்குக் கீழே ஊசி குத்தினாள். பெண்கள் பெட்டியில் ஒருத்தி எழுந்து அதற்கு இடம் கொடுக்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து முக்காட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். அப்படியே ஹெட்ஃபோனை மாட்டி அளந்தேன். கோடு தலைகீழாக விழுந்தது. அடிச் சுரம் ஆறு டெசிபல் காணோம். ஹெட்ஃபோன் பழுது என்று நினைத்து அரை மணி நேரம் தேடினேன். பழுது எதுவும் இல்லை. துணி மடிப்பு வழியாகக் காற்று கசிகிறது. ஒலி அதோடு வெளியே போகிறது. எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் முக்காடு போடுகிறவர்கள். ஏழு வருஷமாக மொட்டைத் தலையில் அளந்து அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா அலமாரிக் கதவில் சாய்ந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"அந்தக் கோடு எதுக்குக் குப்புற விழுந்துது?"

சொன்னேன்.

"முப்பது வருஷமா முக்காட்டு வழியா உங்கப்பா பேச்சைக் கேட்டவ நான். பாதிதான் உள்ள வரும்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல, இன்ஜினியரம்மா."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஆறு முக்காடுகளை அளந்தோம். பருத்தி, ஷிஃபான், பனியன் துணி என்று ஒவ்வொன்றாக அம்மா கட்டினாள், நான் எழுதினேன். துணிக்கு அடியில் ஹெட்ஃபோனை மாட்டியும் பார்த்தோம். சத்தம் முழுதாக வந்தது. அம்மா தன் தலையில் அப்படிப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். "அடியில போட்டா பூசணிக்கா. மேல போட்டா பாட்டு வெளிய போவுது. இதை வடிவமைச்சவனுக்கு அம்மா இல்லையா?"

சனிக்கிழமை காப்பி குடிக்கும்போது கேட்டாள்: "உன் பேரு எங்க போடுவாங்க?"

"கட்டுரைக்குக் கீழ. பரிசோதித்தவர்: நெவீன்."

"பக்கத்துல என் பேரையும் போடு. தவ்ஹீதா. ஹாஸிம் அம்மான்னு போட்டா கிழிச்சுடுவேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பேப்பரில் பெயர் வர வேண்டும் என்று அம்மா அதுவரை எதற்கும் கேட்டதில்லை. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை. அறிவியல் பேசினேன்.

"அம்மா, நீ ஒரு ஆளு. ஒரு ஆளோட அபிப்பிராயம் சோதனை ஆகாது. பதினாலு பேராவது வேணும்."

பதினாலு என்பது வாய்க்கு வந்த எண். முறையாக முப்பது சொல்லியிருக்க வேண்டும்.

"பதினாலு பேர் கெடைச்சா?"

"கெடைச்சா போடறேன்."

"ஒருத்தி கொறைஞ்சா?"

"காகிதம் குறையுதும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். நியாயமான பதில் என்று ஏற்றுக்கொண்ட ஆட்டல். ஹெட்ஃபோனை அலமாரியில், பொம்மைத் தலை மேலேயே விட்டுவிட்டு நான் என் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு, இங்கே வாரத்தின் முதல் வேலை நாள், காலை ஏழு பன்னிரண்டு ரயில் ஹெல்வானிலிருந்து புறப்பட்டபோது ஹெட்ஃபோன் அம்மாவின் கைப்பையில் இருந்தது. பெண்கள் பெட்டி, மூன்றாவது கதவு. அங்கே தினமும் அதே முகங்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் அம்மா கட்டம் போட்டு வைத்திருந்தாள். பெயர், ஏறும் நிலையம், முக்காட்டுத் துணி, கேட்க விரும்புவது, தீர்ப்பு. அந்தத் தாள்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. தீர்ப்பு எழுதி முடிந்த ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஏழாம் எண் முத்திரை.

முதல் வரி, ஒரு நர்ஸ். இரவுப் பணி முடிந்து வருபவள். கேட்க விரும்பியது: மழை. அம்மாவின் கைபேசியில் மழை இருந்தது. தீர்ப்பு: 'இரண்டு நிலையம் தாண்டித் தூங்கினாள். முதல் தரம்.'

மூன்றாவது, அடுத்த மாதம் கல்யாணமாகப் போகிற பெண். 'நன்றாக இருக்கிறது. இந்த விலைக்கு ஃபிரிட்ஜ் வாங்கலாம். ஃபிரிட்ஜும் பாடும்.'

ஐந்தாவது, பெட்டியில் முக்காட்டு ஊசி விற்கும் ஸனிய்யா. அவள் மாட்டிக்கொள்ள மறுத்துவிட்டாள். அந்தச் சண்டையை அம்மா என்னிடம் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.

"இதை எல்லாரும் மாட்டிக்கிட்டா நான் யார்கிட்ட கத்தறது?"

"பாட்டு கேக்கறவளுக்கும் ஊசி வேணும் ஸனிய்யா."

"வேணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நான் கத்தறது கேட்டாதான தெரியும்!"

தீர்ப்பு: 'எதிர்ப்பு. காரணம் சரியானது.'

எட்டாவது, கணித ஆசிரியை. 'இடது காது பெருசாகக் கேட்கிறது.' இதைப் படித்துவிட்டு நான் மறுபடி அளந்தேன். இடது பக்கம் ஒன்றரை டெசிபல் கூடுதல். முதல்முறை அளந்தபோது இரண்டு பக்கத்தையும் சராசரி எடுத்து ஒரே கோடாக வரைந்திருந்தேன். கண்டுபிடித்தது நான் இல்லை. எட்டாவது வரி.

பதினொன்றாவது வரிக்காரி ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டே பேசினாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்தினாள். நாத்தனாரின் நகை உண்மையில் யாருடையது என்பது மாதி நிலையம் வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. தீர்ப்பு அம்மாவின் சொந்த வாக்கியம்: 'குடும்பஸ்தர்களுக்கு எச்சரிக்கை தேவை.'

திங்கட்கிழமை பதின்மூன்றாவது. ஷாஹினாஸ், ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுபவள். தாருஸ்ஸலாமில் இறங்குவாள். அம்மா பொத்தானை அமுக்கிக் கொடுத்தாள். ஷாஹினாஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தாருஸ்ஸலாம் வந்தது. தினமும் அந்தக் கதவில் அவளை இறக்கிவிடுவது கூட்டம்தான். அன்றும் இறக்கியது, ஹெட்ஃபோனோடு. பெட்டியில் இருந்த நாற்பது பெண்களும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். பக்கத்துப் பெட்டியில் ஆண்கள் குண்டு வெடித்ததோ என்று எட்டிப் பார்த்தார்களாம். ஷாஹினாஸ் கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு நடைமேடையில் நடந்தாள். பாட்டு அம்மாவின் கைபேசியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கைபேசி ரயிலோடு போனதும் பாட்டு நின்றது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாளாம். ரயில் இல்லை.

இரைச்சல் அடக்கும் திறனுக்கு இதைவிட நல்ல சோதனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அன்று அப்படித் தோன்றவில்லை. அளப்பதற்காக அம்மா வீட்டுக்குப் போனவள், அலமாரியில் பொம்மைத் தலை வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, ஹெட்ஃபோன் எங்க?"

"தாருஸ்ஸலாம்ல."

"தாருஸ்ஸலாம்ல எங்க?"

"அது தெரியல."

"யார்கிட்ட குடுத்த? நம்பர் இருக்கா?"

"நம்பர் எதுக்கு? ஆறு வருஷமா மூணாவது கதவுலதான் நிக்கிறா. எங்க போயிடுவா?"

"வர்ற ஞாயித்துக்கெழம திருப்பிக் குடுக்கணும்மா! என் வேலையே போயிடும்!"

"கத்தாத. நாளைக்கு வருவா."

செவ்வாய்க்கிழமை ஷாஹினாஸ் வரவில்லை. நான் பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் அம்மாவுக்கு ஒன்பது முறை போன் செய்திருக்கிறேன். ஒருமுறை கூட, நீ எப்படி இருக்க என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று ஷாஹினாஸிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் துக்க வீட்டில் தெரிந்தது.

புதன்கிழமை ஷாஹினாஸ் வந்தாள், கையில் பெரிய தகர டப்பாவோடு. செவ்வாய்க்கிழமை அவள் விடுப்பு எடுத்திருந்தாள். அந்த ஒரு நாளில் அவள் வீட்டில் எல்லாரும் ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். மாமியார் கழற்ற மறுத்திருக்கிறார். அவள் வந்ததும் அம்மா முதலில் கேட்டது ஹெட்ஃபோனை இல்லை.

"தீர்ப்பு என்ன?"

"ஹாஜியம்மா, எங்க மாமியார் ரெண்டு மணி நேரம் என்னைக் கூப்பிடவே இல்ல. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இது மொத தடவை."

அம்மா அப்படியே எழுதினாள். பிறகு ஷாஹினாஸ் டப்பாவைத் திறந்தாள். அடியில் ஹெட்ஃபோன், சமையலறைத் துண்டில் சுற்றி. மேலே நிறைய எள் பிஸ்கட். பக்கத்து வீட்டுக்காரரின் தட்டை யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. இரவல் ஹெட்ஃபோனையும் அப்படித்தான் திருப்ப வேண்டும் என்று ஷாஹினாஸ் முடிவு செய்திருந்தாள். பிஸ்கட் ரயில் பெட்டி முழுக்கப் போனது. எள் ஹெட்ஃபோனின் கீலுக்குள் போனது.

அன்று மாலையே நான் வந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனேன். எள்ளைச் சாமணத்தால் எடுத்தேன். பதினேழு. அம்மாவின் தாள்களைக் கோபத்தோடு படிக்க ஆரம்பித்து, எட்டாவது வரியில் கோபத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை ஹெட்ஃபோனையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு ஹெல்வானுக்குத் திரும்பி வந்தேன்.

"பதின்மூணு ஆச்சு," என்றாள் அம்மா, சுக்கினியின் காம்பை நறுக்கிக்கொண்டே. "இன்னும் ஒண்ணு."

"போதும்மா. பதின்மூணுக்கே பேர் போட்டுடறேன்."

"நீ சொன்னது பதினாலு."

"நான்தான சொன்னேன், நானே கொறைக்கிறேன்."

"அப்படித்தான் எல்லாரும் ஜன்னலுக்கு வந்து சொல்லுவாங்க. நாளைக்கு வான்னு அனுப்பிடுவேன்." குடைகோலை என் கையில் கொடுத்தாள். "நம்ம பெட்டியில வர்ற ஹாஜியம்மா வஜீதாவுக்கு முறை குடுத்திருக்கேன். திங்கக்கெழமையே கெடைச்சிருக்கணும். அவளுக்குப் பக்கத்துல வரும்போதுதான் இந்த ஷாஹினாஸ் எறங்கித் தொலைச்சா. புதன்கெழம அவ வரல. ஞாயித்துக்கெழம காலைல கொண்டு போறேன். ஆபீஸுக்குப் போற வழியில உன் ஆபீஸ்ல குடுத்துடறேன். மத்தியானம் கம்பெனிக்காரன் எடுத்துக்கட்டும்."

"மறுபடியும் யாராவது எறங்கிட்டா?"

"வஜீதாவா? அவளுக்கு முட்டி வலி. அவளை எறக்கறதுக்கே ரெண்டு பேர் வேணும்."

பிறகு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். ஷாஹினாஸுக்கு எப்படி அமுக்கினாய் என்று கேட்டேன். எல்லாவற்றையும் அமுக்கினேன், ஏதோ ஒன்று வேலை செய்தது என்றாள். காயை நறுக்கி முடிப்பதற்குள் மறுபடி கேட்டாள். மறுபடி காட்டினேன். மூன்றாம் முறை கேட்டபோது, "எத்தனை தடவைம்மா" என்றேன். "அதை விடு, மாட்டும்போது நீயே அமுக்கு" என்றாள். அப்படித்தான் கடைசி இருபது காயை உலகத்தை மூடிக்கொண்டு குடைந்தாள்.

துக்கத்தின் இரண்டாம் நாள் மூன்றாவது கதவு மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. லிஃப்ட் கெட்டு நாலு வருஷம். ஐந்து மாடி ஏறி வந்தார்கள். வரவேற்பறையில் ரயிலில் உட்காரும் வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். ரயிலில் நிற்பவர்கள் இங்கேயும் நின்றார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது என்றேன். "பரவால்ல, பழக்கம்" என்றாள் கணித ஆசிரியை. நர்ஸ் தூங்கிவிட்டாள். குர்ஆன் ஓதும் பதிவை ஹாஸிம் குவைத்திலிருந்து வரும்போது கொண்டுவந்திருந்தான். மலிவான ஒலிபெருக்கி, மேல் சுரம் கரகரத்தது. எழுந்து போய்ச் சரி செய்தேன். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததில் நிம்மதி.

அவர்களில் யாருக்கும் அம்மாவின் பெயர் தெரிந்திருக்கவில்லை. வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, வேறு வீடு என்று ஒரு மாடி மேலே போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"தவ்ஹீதாவா?" என்றாள் ஸனிய்யா. "இவ்வளவு நல்ல பேரை வெச்சுக்கிட்டு எங்ககிட்ட சொல்லவே இல்லையே, பாவி."

புறப்படும்போது ஷாஹினாஸ் என்னை ஓரமாக இழுத்தாள். "ஹாஜியம்மா வஜீதாவால படி ஏற முடியல. சலாம் சொல்லி அனுப்பினாங்க. அப்புறம்…"

"சொல்லுங்க."

"இப்ப இதைக் கேக்கக் கூடாது. அவங்களே சொன்னாங்க, கேக்காதன்னு. ஆனா மூணு தடவை சொன்னாங்க, அதனால கேளுன்னுதான் அர்த்தம். அவங்க முறை என்னாச்சுன்னு…"

ஹாஸிம் திரும்பிப் பார்த்தான். துக்க வீட்டில் நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வேறு ஒன்றாக மாறியது. ஷாஹினாஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் முக்காடு ஷிஃபான், பதின்மூன்றாவது வரியில் அம்மா எழுதியிருப்பது சரிதான்.

எங்கள் இதழாசிரியர் ஷெஹாப் கம்பெனியிடம் பேசி ஒரு வாரம் தவணை வாங்கினார். அடுத்த ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆள் வருவார். அம்மாவின் பெயரைப் பற்றிக் கேட்டேன். "தாராளமா போடுங்க நெவீன்," என்றார். "பதின்மூணோ பதினாலோ, யாரு எண்ணப் போறாங்க?"

எண்ணுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. ஏழாம் ஜன்னலில் ஒரு கட்டம் காலியாக இருந்த எந்த விண்ணப்பமும் முப்பத்தொரு வருஷத்தில் தாண்டிப் போனதில்லை. மந்திரி வீட்டுக் காகிதம் ஒன்று நான்கு முறை திரும்பிப் போன கதையை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். தவ்ஹீதா என்ற பெயர் முதன்முறையாக அச்சில் வரப்போகிறது. குறையுள்ள காகிதத்தின் மேல் அது வரக் கூடாது.

கட்டுரையை முடித்துவிட்டேன். ஆறு முக்காடுகளின் கோடுகள், இடது காதின் ஒன்றரை டெசிபல், சுக்கினி. சுக்கினியை ஷெஹாப் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் மனைவியைக் குடையச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஏழு ஓட்டை. 'ஒத்துப்போகிறது' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். கடைசி வரி: பரிசோதித்தவர்கள்: தவ்ஹீதா, நெவீன். அந்த வரிக்கு மேலே ஒரு கட்டம் மட்டும் பாக்கி.

இன்று சனிக்கிழமை மாலை. ஹெல்வானில், சமையலறை மேசையில் இதை எழுதுகிறேன். நாளைக் காலை ஏழு பன்னிரண்டு ரயிலில் நான் கொண்டுபோக, ஹெட்ஃபோன் மின்னேற்றத்தில் இருக்கிறது. கீலைத் துடைக்கும்போது இன்னோர் எள் கிடைத்தது. பதினெட்டு. வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதால் ஷாஹினாஸின் டப்பாவில் பேரீச்சம்பழம் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவின் பருத்தி முக்காடு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். நான் போடுவதில்லை. ஒருவேளை ஹாஜியம்மா வஜீதா வேறு துணி கட்டி வந்தால், அளவு மாறாமல் இருக்க.

பதினாலாவது வரியைப் பல தடவை பார்த்துவிட்டேன். அம்மா முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறாள். தீர்ப்பும் முத்திரையும் மட்டும் இல்லை.

பெயர்: வஜீதா. ஏறுவது: தோரா. துணி: பருத்தி. கேட்க விரும்புவது: 'ஒன்றுமில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஒன்பது. ஸஹ்ரா நிலையத்திலிருந்து ஸய்யிதா ஸைனப் நிலையம் வரை சும்மா இருக்க வேண்டும்.' தீர்ப்பு:

அதற்குப் பக்கத்தில், பென்சிலில், தனக்காக அம்மா எழுதிக்கொண்டது: 'பொத்தான் இடது காதில், பின்பக்கம். நீளமாக அமுக்கு. ஞாயிறு.'